கொக்கியில் மாட்டிய வீடு

இருங்காட்டுக்கோட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி கோபாலின் பட்டறை இருந்தது. லாரிகளுக்குப் பாடி கட்டுவதுதான் அங்கே தொழில். அதோடு, சாலையில் கவிழ்ந்தும் முட்டிக்கொண்டும் கிடக்கும் வண்டிகளை இழுத்துவர, ராணுவ ஏலத்தில் எடுத்த கனத்த லாரி ஒன்றையும் கோபால் வைத்திருந்தார். அதை ஓட்டியவர் தாண்டவராயன். ஒரகடத்துக்குத் தெற்கே, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிராமத்துக்காரர். நிலத்தை அண்ணன் மாரி பார்த்துக்கொள்ள, தாண்டவராயன் சின்ன வயதிலேயே ஸ்டேரிங் பிடிக்கப் போய்விட்டார். அவர் எப்போது வீட்டுக்கு வருவார் என்பது அவருக்கே தெரியாது. மனைவி சின்னப்பொண்ணு தினமும் இரண்டு பேருக்குச் சேர்த்துத்தான் வடிப்பாள்.

பட்டறையின் பின்பக்கத்தில், புளியமரத்தடியில், அந்த வருஷம் சக்கரம் வைத்த ஒரு வீடு நின்றிருந்தது. மெட்ராஸ் வியாபாரி ஒருவர், குடும்பத்தோடு போய்த் தங்கிப் பொழுதுபோக்குவதற்காகச் சொல்லிக் கட்டவைத்த இழுவை வண்டி அது. வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்றாராம். உள்ளே மெத்தை போட்ட கட்டில், மடக்குகிற மேசை, கேஸ் அடுப்பு, முகம் கழுவத் தொட்டி, ஜன்னல்களுக்குப் பூப்போட்ட திரை. எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் லாரிக்குப் பாடி கட்டிப் பழகிய கைகள் இதையும் லாரி கனத்துக்கே கட்டிவிட்டன. வியாபாரியின் ஜீப் கொஞ்ச தூரம் இழுத்துவிட்டுப் புகையைக் கக்கியது. அதனால் அவர் குடும்பம் காரில் முன்னால் போகும். தாண்டவராயன் தன் லாரியின் கொக்கியில் அந்த வீட்டை மாட்டிக்கொண்டு பின்னால் போவார். மகாபலிபுரத்துக்கும் பிச்சாவரத்துக்கும் அப்படிப் போய்வந்தார்கள். பிறகு பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. விற்றுக் கொடுங்கள் என்று வியாபாரி அதைக் கோபாலிடமே விட்டுவிட்டார். ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருக்கும் ஒருவர் வந்து பார்த்தார். பொங்கல் கழித்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார். பட்டறையில் அதற்கு வூட்டு வண்டி என்று பெயர்.

சின்னப்பொண்ணுவுக்குக் கர்ப்பப்பையில் புற்று. கண்டுபிடித்தபோதே அது இடுப்பு எலும்புவரை போயிருந்தது. கதிர்வீச்சு, ஊரார் சொல்கிற மாதிரி கரண்ட், வைத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஐப்பசி மழை தொடங்கிய சமயம் டாக்டர் தாண்டவராயனை வராந்தாவுக்கு அழைத்து, "வூட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்கோங்க" என்றார். வாடகை வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். சாலையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் கத்தினாள். அதன் பிறகு அவளால் உட்காரவே முடியவில்லை.

வந்த மறுநாள் அவள் சொன்னாள்.

"ரஞ்சனிய பாக்கணும்யா."

தாண்டவராயன் தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரஞ்சனி அவர்களுடைய ஒரே மகள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனவள், அதே லைனில் நின்ற பகலவனைக் கட்டிக்கொண்டாள். பகலவன் தாண்டவராயனின் ஊர்க் காலனிப் பையன். பதிவு ஆபீசில் கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிந்த அன்று, ஊர் ஆட்கள் காலனிக்குள் புகுந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் கிடைக்கவில்லை. பகலவனின் அப்பா சின்னப்பையன்தான் கிடைத்தார். அவரை வெளியே இழுத்துப்போட்டு அடித்தார்கள். முன்னால் நின்றவர் மாரி. சின்னப்பையனின் வலது கை முறிந்தது. தாண்டவராயனும் அங்கே இருந்தார். அவர் அடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. "எனக்குப் பொண்ணே இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, டியூட்டிக்குப் போய்விட்டார். இரண்டு வருஷமாயிற்று. ரஞ்சனி ஸ்ரீபெரும்புதூரில் மாடி அறை ஒன்றில் இருந்தாள். ஊர்ப் பக்கம் வரவில்லை.

"அவ இங்க வந்தா அண்ணன் சும்மா இருப்பாரா?" என்றார் தாண்டவராயன்.

"அவ வர வாணாம். நான் போறேன்."

"உக்காரவே முடில உன்னால. அவ இருக்கறது மாடி. குறுகலா ஏணி மாதிரி படிக்கட்டு. எப்பிடி ஏறுவ?"

சின்னப்பொண்ணு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவரைப் பார்க்காமலே பேசினாள்.

"யாரு யாரோ வண்டிய எல்லாம் ஊரு ஊரா இழுத்துகினு போற. என்ன ஒரு தபா இழுத்துகினு போயேன்."

அன்று பட்டறைக்குப் போனதும் தாண்டவராயன் வேலையைத் தொடவில்லை. கோபால் முன்னால் போய் நின்றார்.

"மொதலாளி, அந்த வூட்டு வண்டி எனக்கு வோணும். பார்ட்டி வர வரைக்கும். என் பொண்டாட்டிய கொண்டாந்து அதுல வெச்சிக்கறேன். பொண்ணு வந்து பாக்கணும்."

கோபாலுக்கு விஷயம் முழுக்கத் தெரியும். "ஊர்ல சண்டை ஏதாவது வந்தா?" என்றார்.

"ஊருக்குள்ள இல்ல மொதலாளி. இங்கயே நிக்கட்டும், மரத்தடில. இது என் வூடும் இல்ல, அவ வூடும் இல்ல. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

கோபால், "மெத்தைக்கு மேல ரப்பர் ஷீட்டு போட்டுக்கோண்ணா" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் கம்பெனி வாசலில் ஷிப்ட் விடும் நேரத்தில் தாண்டவராயன் போய் நின்றார். பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். ரஞ்சனி இளைத்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கூட வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

"இன்னா?" என்றாள்.

"அம்மாவுக்கு..." என்று தொடங்கி, அவர் எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்த்தது, திருப்பி அனுப்பியது, வூட்டு வண்டி. அவள் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடித்தபோது அவள் முகம் பூராவும் நனைந்திருந்தது.

"எப்ப இட்டுனு வர்ற?" என்றாள். அவ்வளவுதான்.

ஊருக்குப் போக ஒரே வழி ஏரிக்கரை. ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் ஆள் உயரத்துக்குக் கீழே வயல். நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். அந்த லாரியும் பின்னால் வூட்டு வண்டியும் அதில் போவதைப் பார்க்க வயலில் நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். வழியில் எங்கேயும் திருப்ப இடமில்லை. ஊருக்குள் போய், நெல்லடிக்கும் களத்தில் ஒரு வட்டம் அடித்துத்தான் திரும்ப வேண்டும். தாண்டவராயன் அப்படித்தான் திருப்பி வீட்டு வாசலில் நிறுத்தினார்.

மாரி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாடா இது?"

"ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன். படுத்துனே போவலாம்."

மாரி தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரே ஒரு பக்கம் பிடித்து, சின்னப்பொண்ணுவைப் பாயோடு தூக்கி உள்ளே வைக்க உதவினார். பக்கத்து வீட்டு சரோஜா துணைக்கு ஏறிக்கொண்டாள். சின்னப்பொண்ணு அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தாள்.

தாண்டவராயன் தன் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக வண்டி ஓட்டியதில்லை. சைக்கிள்காரர்கள் தாண்டிப் போனார்கள். ஒரகடம் முனையில் நிறுத்தி, இறங்கிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். சின்னப்பொண்ணு தலையணையில் சாய்ந்து, பூப்போட்ட திரையை விலக்கி, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்காம இன்னா. நீ போ. நல்லாதான் கீது" என்றாள். "ஏன்யா, இதுலயே அடுப்பு கூட வெச்சிகிறானுங்க. பாத்தியா?"

மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் போலீஸ் வண்டிகளை அடிக்கடி நிறுத்திப் பார்த்தது. அன்றும் ஒரு கான்ஸ்டபிள் கை காட்டினார். கதவைத் திறந்து உள்ளே பார்த்தவர், படுத்திருந்தவளின் முகத்தைக் கண்டதும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "போங்க, போங்க" என்றார்.

ரஞ்சனி லீவு சொல்லிவிட்டு முன்பே பட்டறைக்கு வந்து காத்திருந்தாள். வண்டி புளியமரத்தடியில் நின்று, ஜாக்கி கொடுத்து நிறுத்தும்வரை அவள் அசையவில்லை. கதவு திறந்ததும் ஓடி ஏறினாள். தாண்டவராயன் லாரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். உள்ளேயிருந்து இரண்டு பேரின் அழுகையும் ஒன்றாகக் கேட்டது. எது யாருடையது என்று அவரால் பிரிக்க முடியவில்லை. சரோஜா இறங்கி வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாள்.

அதிலிருந்து அந்த வண்டிதான் சின்னப்பொண்ணுவின் வீடு. சரோஜா பஸ் பிடித்து ஊருக்குத் திரும்பி, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்று மாரியிடம் சொல்லிவிட்டாள். ரஞ்சனி ஷிப்ட் முடிந்ததும் நேராக வந்துவிடுவாள். ஓவர்டைம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். அம்மாவுக்கு உடம்பு துடைத்து, துணி மாற்றி, கஞ்சி காய்ச்சி, அந்தச் சின்னக் கட்டிலின் ஓரத்திலேயே சுருண்டு படுப்பாள். அப்பாவிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை இல்லை. தண்ணி வேணும், மாத்திரை தீந்துபோச்சு, அவ்வளவு. தாண்டவராயன் அவள் வேலைக்குப் போன நேரத்தில் உள்ளே இருப்பார். அவள் வந்ததும் இறங்கிவிடுவார்.

சின்னப்பொண்ணு அந்த நாட்களில் நிறையப் பேசினாள். மகள் லைனில் என்ன வேலை செய்கிறாள், சூப்பர்வைசர் எப்படிப்பட்டவன், மாடி அறைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வலி அதிகமாகும்போது மட்டும் பேச்சு நின்று, கை ஜன்னல் கம்பியைப் பிடிக்கும். கம்பியின் பச்சைப் பெயிண்ட் அந்த இடத்தில் உதிரத் தொடங்கியது.

பகலவன் தினமும் சைக்கிளில் ரஞ்சனியைக் கொண்டுவந்து விடுவான். பட்டறை கேட்டுக்கு வெளியே ஒரு காலை ஊன்றி நிற்பான். அவள் உள்ளே போனதும் திரும்பிப் போவான். ஒரு நாள் சின்னப்பொண்ணு ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துவிட்டாள்.

"அந்தப் புள்ள ஏன் வெளியவே நிக்கிது? கூப்புடு."

ரஞ்சனி போய் அழைத்தாள். அவன் வந்தான், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கதவோரமே நின்றான். தாண்டவராயன் வெளியே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பலகைச் சுவர், உள்ளே பேசுவது கேட்டது.

"உக்காருப்பா."

"பரவால்லைங்க."

"உங்க நைனாவுக்குக் கை சரியாய்ச்சா?"

பகலவன் சொன்னான். "கூடிச்சு. ஆனா மடக்க வரல. இடது கைலதான் சாப்புடுறாரு."

சின்னப்பொண்ணுவின் குரல் வந்தது. "நான் செத்துப்போனப்பறம் அவரு கிட்ட சொல்லு. சின்னப்பொண்ணு கேட்டுச்சுன்னு."

தாண்டவராயன் எழுந்து நெடுஞ்சாலைப் பக்கம் நடந்தார். லாரிகள் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. ரோட்டோரத்தில் வெகு நேரம் நின்றார்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. சின்னப்பொண்ணுவுக்குக் கஞ்சியும் இறங்கவில்லை. ஒரு மத்தியானம் அவள் தாண்டவராயனைக் கிட்டே வரச் சொன்னாள். ரஞ்சனியும் இருந்தாள்.

"என்ன நம்ம ஊர்லயே கொண்டு போய் வெச்சிடு. எங்க மாமியா, மாமனாரு எல்லாம் இருக்கற எடத்துல."

"சரி."

"ஆனா இவ என்னோட வரணும். இவ வூட்டுக்காரரும் வரணும். பொணம் முன்னால போயி, பெத்த பொண்ணு ரோட்ல நிக்கக் கூடாது."

தாண்டவராயன் மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றார் மறுபடியும்.

இரண்டொரு நாளில், காலை வெயில் மாதிரி ஏதோ ஒன்று மேகத்துக்குள் தெரிந்த நேரத்தில், சின்னப்பொண்ணு இறந்துபோனாள். ரஞ்சனி அப்போதுதான் அவளுக்குத் தலை வாரி முடித்திருந்தாள். "பின்னல் இறுக்கமா கீதாம்மா?" என்று கேட்டாள். பதில் வரவில்லை.

கோபால் பட்டறையை மூடச் சொல்லி, சாவுச் செய்தியோடு ஊருக்கு ஓர் ஆளை அனுப்பினார். ஆட்கள் பூ வாங்கி வந்தார்கள். தாண்டவராயன் லாரியைப் பின்னால் எடுத்து, கொக்கியை மாட்டினார். கொக்கிப் பின்னைச் செருகியபோது அது துளையில் இறங்கவில்லை. ஒரு வெல்டர் வந்து அதைச் சுத்தியால் தட்டி இறக்கினான். பகலவன் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

"நானும் வரணுமா?" என்று ரஞ்சனியிடம் மெதுவாகக் கேட்டான்.

"அம்மா கேட்டுச்சு" என்றாள் அவள்.

அவன் ஏறி, கட்டிலுக்கு எதிரே மடக்கு மேசையை ஒட்டி உட்கார்ந்தான்.

ரஞ்சனி விஷயம் முந்தைய நாளே ஊருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. காய்கறி வாங்க வந்த யாரோ பட்டறையில் ரஞ்சனியைப் பார்த்துப் போயிருக்கிறார்கள். லாரி ஏரிக்கரையில் ஏறிப் பாதி தூரம் வந்தபோது, குறுக்கே ஒரு மாட்டுவண்டி நின்றிருந்தது. மாடு பூட்டாத வண்டி. அதற்குப் பின்னால் ஆட்கள் குடை பிடித்து நின்றார்கள். மாரி குடையில்லாமல் முன்னால் நின்றார்.

தாண்டவராயன் இறங்கினார்.

"போய்ட்டாண்ணா" என்றார்.

மாரியின் கண்ணும் கலங்கியிருந்தது. "தெரியும்டா. மேளத்துக்குச் சொல்லிட்டேன். குழி வெட்ட ஆளு போயிருக்கு. பொணத்த இங்க எறக்கு. நாங்க தூக்கிகினு போறோம்." வூட்டு வண்டியைப் பார்த்தார். "உள்ள இருக்கறதுங்க ரெண்டும் அப்பிடியே திரும்பிப் போவட்டும்."

"அவ கேட்டாண்ணா. சாவும்போது கேட்டா. பொண்ணு கூட வரணும்னு."

"செத்தவ ஆயிரம் கேப்பா. நாளைக்கு இந்த ஊர்ல நான் இருக்கணும். நீ இருக்கணும்."

தாண்டவராயன் மாட்டுவண்டியைப் பார்த்தார். அவருடைய லாரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கவிழ்ந்த பத்துச் சக்கர லாரிகளைப் புரட்டித் தூக்கி நிறுத்திய வண்டி அது. லேசாக முட்டினால் போதும், மாட்டுவண்டி வயலில் கிடக்கும். அவர் கை கேபின் கதவுக்குப் போனது. அண்ணன் அசையாமல் நின்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர், சின்னப்பையனின் கையை முறித்த அன்று அங்கே இருந்தவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அன்று தான் நின்ற இடத்தைத் தாண்டவராயனால் இப்போது வெளியிலிருந்து பார்க்க முடிந்தது.

"அவ வந்தா அவ பொண்ணோடதான் வருவா" என்றார்.

"அப்ப நீயும் வராத" என்றார் மாரி.

தாண்டவராயன் தலையை ஆட்டினார். கேபினில் ஏறி, ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

கொக்கியில் இன்னொரு வண்டி மாட்டியிருக்கும்போது பின்னால் எடுப்பது சாதாரண வேலை இல்லை. ஸ்டேரிங்கை இடது பக்கம் ஒடித்தால் இழுவை வண்டியின் வால் வலது பக்கம் போகும். கொஞ்சம் அதிகமாகிவிட்டால் இரண்டும் கத்தி மடங்குகிற மாதிரி மடங்கிவிடும். தெரிந்த டிரைவர்கள் கொக்கியைக் கழற்றிவிடத்தான் பார்ப்பார்கள். அந்தக் கரையில் கழற்ற இடமில்லை. வூட்டு வண்டி அகலமானது. கண்ணாடியில் அதன் முன்சுவர் மட்டும்தான் தெரிந்தது. பின்னால் ஏரி எங்கே, வயல் எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை.

லாரி கொஞ்சம் நகர்ந்தது. வூட்டு வண்டி சாய்ந்தது. உள்ளே பாத்திரம் உருண்டது. ரஞ்சனி "அம்மா!" என்று கத்தினாள்.

கதவு திறந்து பகலவன் குதித்தான். பின்பக்கம் ஓடினான்.

"மாமா! ஏரிப் பக்கம் போவுது! நிறுத்துங்க!"

தாண்டவராயன் பிரேக்கை மிதித்தார். அந்த வார்த்தையை அவன் யோசித்துச் சொன்னானா, பதட்டத்தில் வந்ததா என்று நினைக்க அப்போது நேரமில்லை. கொஞ்சம் முன்னால் எடுத்து நேராக்கினார். பிறகு தலையை வெளியே நீட்டி, மழையில் கண்ணைச் சுருக்கிக் கத்தினார்.

"என்னால பாக்க முடில! நீ சொல்லு! வாலு எந்தப் பக்கம் போவுதுன்னு மட்டும் சொல்லு!"

"வரட்டும்... வரட்டும்... வயப் பக்கம் போவுது, வயப் பக்கம்! சரி, சரி... வரட்டும்..."

அப்படியே போனார்கள். பகலவன் பின்னால் நடந்துகொண்டே வண்டியின் பலகையில் கையால் தட்டினான். ஒரு தட்டு என்றால் வரலாம், தொடர்ந்து தட்டினால் நில். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அமைந்தது. ஓர் இடத்தில் கரை ஈரத்தில் கரைந்து சக்கரம் இறங்கப் பார்த்தது. பகலவன் கல் தேடி ஓடினான். அதற்குள் ஒரு பெண் குடையைக் கீழே போட்டுவிட்டு, பெரிய கல் ஒன்றை வயிற்றோடு அணைத்துத் தூக்கிவந்து சக்கரத்துக்குக் கீழே போட்டாள். சரோஜா. மாட்டுவண்டிக்கும் கரையோரத்துக்கும் நடுவே புகுந்து, மாரி கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் வந்திருந்தாள். அவளும் பகலவனோடு சேர்ந்து பின்னால் நடந்தாள்.

மாரியும் மற்றவர்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். லாரியின் முகம் அவர்களைப் பார்த்தபடியே மெல்ல மெல்லச் சிறுத்துப் போனது. கரையின் முடிவில், ரோட்டில் ஏறியதும், தாண்டவராயன் என்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டேரிங்கில் தலையை வைத்து அழுதார். பகலவன் கீழே, கேபின் கதவருகே நின்றான். ஏறி அவர் தோளைத் தொடவில்லை. ஆனால் அவர் நிமிரும்வரை அங்கேயே நின்றான்.

சின்னப்பொண்ணுவைப் புதைக்க வேறு இடமில்லாததால் ஸ்ரீபெரும்புதூர் சுடுகாட்டில் எரித்தார்கள். ஈர விறகு பிடிக்க நேரமாயிற்று. பட்டறை ஆட்கள் இருந்தார்கள், ரஞ்சனியோடு லைனில் வேலை செய்கிற பெண்கள் சிலர் வாசல்வரை வந்தார்கள். சொந்தக்காரர் என்று சொல்ல சரோஜா ஒருத்திதான். தாண்டவராயன் கொள்ளி வைத்தார். மாமனார் மாமியாருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டவளை, பேர் தெரியாதவர்களுக்கு நடுவில் விட்டுவிட்டு வந்தார்கள்.

தாண்டவராயன் ஊருக்குப் போகவில்லை. பட்டறையிலேயே ஒரு மூலையில் கயிற்றுக் கட்டில் போட்டுக்கொண்டார். பொங்கல் முடிந்து ஏற்காட்டிலிருந்து ஆள் வந்தது. வூட்டு வண்டியைக் கழுவித் துடைத்தார்கள், திரைகளை மாற்றினார்கள், ஜன்னல் கம்பிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். அதையும் தாண்டவராயன்தான் இழுத்துக்கொண்டு மலை ஏறினார். எஸ்டேட்காரரின் பிள்ளைகள் வண்டி நின்றதுமே உள்ளே ஓடி, மெத்தையில் ஏறிக் குதித்தார்கள். தாண்டவராயன் கொக்கியைக் கழற்றிவிட்டு, கொடுத்த டீயைக் குடிக்காமல் திரும்பிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்ரீபெரும்புதூரில் மகளின் அறைக்குப் போனார். படிக்கட்டு அவர் சொன்ன மாதிரியே ஏணிபோலத்தான் இருந்தது. ரஞ்சனி கதவைத் திறந்து வழிவிட்டாள். பகலவன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். அவள் தட்டு வைத்துச் சோறு போட்டாள். அவர் பிசைந்தார்.

"அம்மா ரெண்டு வருசமா கேட்டுகினே இருந்துச்சாமே, என்னப் பாக்கணும்னு" என்றாள் அவள். "சரோஜாக்கா சொல்லிச்சு."

"ஆமாம்மா."

"அப்பவும் லாரி உங்கிட்டதான நைனா இருந்துச்சு?"

தாண்டவராயனின் கை தட்டிலேயே நின்றது. கீழே தெருவில் யாரோ குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது.

"இருந்துச்சு" என்றார்.

அவள் எழுந்துபோய் ரசச் சட்டியை எடுத்துவந்து அவர் தட்டில் ஊற்றினாள். அவர் சாப்பிட்டார். முடியவில்லை, ஆனாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பகலவன் இரண்டு குடத்தோடு மேலே வந்து, "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு, அறையின் மூலையில் குடங்களை இறக்கினான்.

"உங்க நைனாவ வந்து பாக்கணும்" என்றார் தாண்டவராயன்.

பகலவன் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கேட்டுச் சொல்றேன். அவரு சரின்னா வாங்க."

தாண்டவராயன் கை கழுவிக்கொண்டு எழுந்தார். படி இறங்கும்போது ரஞ்சனி வாசலில் வந்து நின்றாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு நைட் ஷிப்ட்டு முடிஞ்சு வர்ற நாளு. தூங்குவேன்" என்றாள். "அதுக்கடுத்த வாரம் வா."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.